பன்னில் போட்ட வெள்ளைப் பவுடர்

மேலப்பாளையத்தில் வீட்டிலேயே பன் சுட்டுப் பக்கத்து டீக்கடைகளுக்குக் கொடுக்கிறேன். போன ஐப்பசி மழையில் மூன்றாம் நாளே அடியில் பச்சையாகப் பூசணம் பிடித்துப் பன் திரும்பி வந்தது. டவுனில் பேக்கரி சாமான் விற்கும் ஒரு கடையில் சொன்னேன். கிலோ மாவுக்கு இரண்டு கிராம் போடுங்கள் என்று ஒரு வெள்ளைப் பவுடரை நிறுத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கவரின் மேல் பேனாவால் 282 என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தேன். பன் ஐந்து நாள் தாங்கியது.

அடுத்த வாரம் பன் வாங்க வந்த பக்கத்துத் தெரு மாமி, "கெடாம இருக்க என்னமும் பவுடர் போடுதியளா? அது ஹலால்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பி வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கேட்டுச் சொல்கிறேன் மாமி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அந்தக் கவரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

282 என்பது உணவில் சேர்க்கும் பொருளைக் குறிக்கும் எண், கால்சியம் புரோப்பியோனேட். நம் ஊர் பாக்கெட்டில் ஐஎன்எஸ் என்றும், வெளிநாட்டுப் பாக்கெட்டில் ஈ என்றும் போட்டு அதே எண்ணைத்தான் எழுதுகிறார்கள். புரோப்பியானிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்தால் கிடைக்கும் உப்பு இது. அந்த அமிலத்தைப் பெரும்பாலும் பெட்ரோலியப் பொருளிலிருந்து எடுக்கிறார்கள். நுண்ணுயிர்களை வளர்த்துப் புளிக்கவைத்து எடுக்கும் முறையும் உண்டு. ஊறுகாயில் வரும் 211, ஜாமில் வரும் 202 இரண்டையும் கையோடு பார்த்தேன். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட். அவையும் இப்படித் தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்கிற உப்புகள்தாம். மனம் கொஞ்சம் லேசானது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். எண்ணைச் சொன்னதும் அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "எதிலேருந்து செய்றாங்கன்னு கேட்டுட்டு வாங்கம்மா. நீங்க போடுற எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்றார். அந்த இரண்டாவது பேச்சுதான் என் கண்ணைத் திறந்தது. பூசணத்துக்குப் போடுகிற பவுடரையே நினைத்துக்கொண்டிருந்தேன். பன் பஞ்சு மாதிரி வர வேண்டும் என்று அதற்கு முன்பிருந்தே அதே கடையில் வாங்கி வந்த இம்ப்ரூவர் பவுடரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

திரும்ப டவுனுக்குப் பஸ் ஏறினேன். கவர் வேண்டாம் அண்ணாச்சி, மூட்டையைக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரருக்குச் சலிப்புதான், ஆனாலும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். 282 மூட்டையில் தயாரித்தவர் பெயர், முகவரி, போன் எல்லாம் தெளிவாக இருந்தது. இம்ப்ரூவர் மூட்டையில் 300, 471, 920 என்று மூன்று எண்கள். பச்சைப் புள்ளி இருக்க வேண்டிய பக்கம் கிழிந்திருந்தது.

300 வைட்டமின் சி, அதில் சிக்கல் இல்லை. 471 கொழுப்பிலிருந்து வருவது. பாமாயிலாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். எண் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பச்சைப் புள்ளி இருந்தால் விலங்குக் கொழுப்பு இல்லை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எசென்ஸில் கலந்திருக்கும் ஆல்கஹாலைப் பற்றி அந்தப் புள்ளி எதுவும் சொல்லாது. 920 எல்-சிஸ்டைன். மாவை இளக்குவதற்குப் போடுவது. இதைக் கோழி, வாத்து இறகிலிருந்தும் மனித முடியிலிருந்தும் எடுப்பதுண்டு, நுண்ணுயிரை வளர்த்தும் எடுப்பதுண்டு. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. எத்தனை மாதமாக இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

இரண்டு கம்பெனிக்கும் போன் செய்தேன். 282 செய்பவர்கள், மூலப்பொருள் ரசாயன முறையில் செய்தது என்று எழுதி ஒரு தாளும், ஹலால் சான்றிதழின் நகலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சான்றிதழ் வந்துவிட்டது என்று அங்கேயே நிற்கக் கூடாது. நாம் வாங்கும் பொருளின் பெயர் அதில் இருக்கிறதா, மூட்டையில் உள்ள தொழிற்சாலை முகவரிதானா, தேதி முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த அமைப்பையும் கூப்பிட்டுச் சான்றிதழின் எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். ஐந்து நிமிட வேலை.

இம்ப்ரூவர் கம்பெனியில் 471 பாமாயிலிலிருந்து வருவது என்றார்கள். 920 எதிலிருந்து என்று கேட்டால், நாளைக்குச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம், நான்கு போன். பதிலே வரவில்லை.

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் மறுபடி போனேன். 282 தாராளமாகப் போடலாம் என்றார். இம்ப்ரூவரைப் பற்றி, ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, நடுவில் சந்தேகமானதை விட்டுவிட வேண்டும் என்ற நபிமொழியை ஞாபகப்படுத்தினார். தெரியாமல் போட்டதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மீதி இருந்த இம்ப்ரூவரைக் கொட்டிவிட்டேன். இப்போது வைட்டமின் சி மட்டும் வாங்கி மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, பால் பவுடர் போட்டு, மாவைப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிசைகிறேன். பழைய பஞ்சுத்தன்மை முழுதாக வரவில்லை. ஒரு டீக்கடைக்காரர் அதைச் சொல்லியும் காட்டினார்.

மாமி வீட்டுக்கு நானே போய், இம்ப்ரூவர் விஷயம் உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நாளைக்கு ஆறு பன் கொண்டாம்மா" என்றார். அந்தச் சான்றிதழின் தேதி அடுத்த மாதம் முடிகிறது. புதுசு கேட்டு வாங்க வேண்டும் என்று அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.