டானர் கணவாயைக் கடக்க ஆர்.வி.க்குச் செயின் பூட்டிய அனுபவம்

குளிர்காலத்தில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலை வழியாக ரீனோவுக்குச் செல்பவர்கள், டானர் கணவாய்ப் பகுதியில் ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில் சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும். பனி கொட்டத் தொடங்கியதும் கலிபோர்னியாவின் சாலைத் துறையான கால்ட்ரான்ஸ், ஆர்1, ஆர்2, ஆர்3 என்ற மூன்று நிலைகளில், பனியில் வழுக்காமல் இருக்க டயரின் மேல் சங்கிலி பூட்டச் சொல்லும் செயின் கட்டுப்பாட்டை அறிவிக்கிறது. ஆர்1 நிலையில், 6,000 பவுண்டுக்குக் குறைவான கார்களும் சிறு டிரக்குகளும் பனி டயர் போட்டிருந்தால் செயினைப் பூட்டாமல், வண்டியில் எடுத்துச் சென்றாலே போதும். எங்கள் ஆர்.வி., அதாவது தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி, ஃபோர்டு இ-450 வண்டியின் அடித்தளத்தின் (சேசிஸ்) மீது கட்டப்பட்டது. பின்னால் ஒவ்வொரு பக்கமும் உட்சக்கரம், வெளிச்சக்கரம் என இரட்டைச் சக்கரங்கள் உண்டு. சுமையோடு சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட எடை 14,500 பவுண்டு. எத்தனை நல்ல டயர் போட்டிருந்தாலும் அந்தச் சலுகை எங்களுக்குக் கிடையாது என்பதால், மலையேறத் திட்டமிட்டபோதே செயின் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் கொடுத்தால் கடைக்காரர் செயினை எடுத்துத் தந்துவிடுவார். எங்களுடையது எல்டி225/75ஆர்16. ஆனால் ஆர்.வி.க்கு அந்த எண் மட்டும் போதாது. அடித்தளத்தைச் செய்தவர் ஒருவர், அதன் மேல் வீட்டைக் கட்டியவர் வேறொருவர். கழிவுநீர்க் குழாயும் மின்கம்பிகளும் சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் செல்கின்றன என்பது இரண்டாமவர் செய்த வேலையைப் பொறுத்தது. இரண்டு கையேடுகளையும் படித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, உட்சக்கரத்தின் உட்புறத்துக்கும் பட்டை வில்லுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) இடையிலும், டயரின் மேற்பகுதிக்கும் மட்கார்டுக்கும் இடையிலும், இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவிலும் உள்ள இடைவெளிகளை அளந்தேன். பிரேக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். செயின் வாங்குவதில் முக்கால் பங்கு வேலை இதுதான் என்பது என் கருத்து.

செயின் எந்த அச்சுக்கு என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. எஞ்சினின் விசை எந்த அச்சுக்குப் போகிறதோ அதற்குத்தான் பூட்ட வேண்டும். இ-450 வண்டியில் அது பின்னச்சு. ராம் புரோமாஸ்டர் வேனில் கட்டிய ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு அது முன்னச்சு. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளில் வெளிச்சக்கரத்துக்கு மட்டும் ஒற்றைச் செயின் பூட்டுபவர்கள் பலர் உண்டு. அது எடை குறைவு, மாட்டுவதும் எளிது. சுமையில் பாதியைத் தாங்கும் உட்சக்கரத்தைப் பிடிமானம் இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உட்புறத்தில் போதிய இடம் இருந்ததால், இரு டயர்களையும் சேர்த்து மூடும் மூன்று வரிசைச் செயினையே வாங்கினேன். தூக்கும்போது முதுகு அதன் எடையை நன்றாகவே உணர்ந்தது.

புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலில், காய்ந்த தரையில் பூட்டிப் பழகினேன். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளிப்புறமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கச்சுவரை அவை கிழித்துவிடும். செயினை மேலிருந்து இரு டயர்கள் மீதும் போர்த்தி, நடுவரிசையைச் சக்கரங்களின் இடைவெளியில் இறக்கிவிட்டு, வண்டியைச் சிறிது நகர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சக்கரத்துக்குக் கட்டையும் வைத்த பிறகே அடியில் கைவிட்டு உட்பக்கக் கொக்கியை மாட்டினேன். அடுத்து நடுவரிசை, கடைசியாக வெளிவரிசை. வெளிப்பக்கத்தில் உள்ள இறுக்கிகளை அதற்கான சாவியால் திருகினால் தளர்வு குறையும். சிலர் டயரில் காற்றை இறக்கிவிட்டுச் செயினை மாட்டுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

மலையில் கிங்வேல் அருகே கட்டுப்பாடு தொடங்கியது. சாலையோரத்தில் எண் பொறித்த மேலங்கி அணிந்து, கால்ட்ரான்ஸ் அனுமதி பெற்ற ஆட்கள் கூலிக்குச் செயின் பூட்டித் தருகிறார்கள். செயினை விற்பதற்கு அவர்களுக்கு அனுமதி கிடையாது, நம்மிடம் இருந்தால்தான் பூட்டுவார்கள். நானே பூட்டினேன். விரல்கள் விறைத்துப்போனதால் வாசலில் பிடித்ததைவிட அதிக நேரம் பிடித்தது. அரை மைலுக்குள் மீண்டும் நிறுத்தி இறுக்க வேண்டும் என்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. முதல் சில சுற்றுகளில் செயின் டயரின் மேல் சரியாகப் படிந்து, அதன் பிறகு தளர்ந்துவிடும். தளர்ந்த செயின் அறுந்து சுழன்றால், மட்கார்டையும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கிவிடும்.

செயினுடன் மணிக்கு 25 அல்லது 30 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஏற்றத்தில் வண்டி சிரமமின்றி ஏறியது. உச்சியிலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் உள்ள டிரக்கியை நோக்கிய இறக்கத்தில்தான் கவனம் தேவைப்பட்டது. பின்சக்கரங்கள் பிடிமானத்தோடு இருந்தாலும், வண்டியைத் திருப்பும் முன்சக்கரங்களுக்குச் செயின் இல்லை. வளைவுக்கு வெகு முன்பே கியரைக் குறைத்து, திடீரென்று பிரேக் அழுத்தாமல் இறங்கினேன். கட்டுப்பாடு முடிந்த இடத்தில் ஓரம் கட்டிச் செயினைக் கழற்றினேன். காய்ந்த சாலையில் அதனுடன் ஓட்டினால் செயினும் தேயும், டயரும் கெடும். வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவி உலர்த்தி, தேய்ந்த கண்ணிகள் உண்டா என்று பார்த்துப் பையில் போட்டேன்.