பிராந்திய ஒருங்கிணைப்பு: அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பொருளின் பின்னால் போங்கள்

எம்.ஏ. பொருளியலில் பன்னாட்டு வணிகத் தாள் எழுதுகிறவர்களின் நோட்டைப் பார்த்தால், பிராந்திய ஒருங்கிணைப்பு (ஒரு வட்டார நாடுகள் வணிகத் தடைகளைக் குறைத்து ஒன்றுசேர்வது) என்ற தலைப்பின் கீழ் முதல் பக்கத்திலேயே கூட்டமைப்புகள் தொடங்கிய ஆண்டும் ஊரும் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். ஆசியான் 1967, பாங்காக். சார்க் 1985, டாக்கா. தென் அமெரிக்காவின் மெர்கோசூர் 1991, அசுன்சியோன். குடிமைப் பணிகள் தேர்வுக்குப் படிப்பவர்களிடமும் இதே அட்டவணைதான். கொள்குறி வினாவுக்கு அது போதும். "பொருளாதார, சமூக விளைவுகளை ஆராய்க" என்று கேள்வி வந்தால் இரண்டு வரிக்கு மேல் அதிலிருந்து எழுத முடியாது.

நான் இந்தத் தாளுக்குப் படித்த முறை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் படித்தேன். மற்ற கூட்டமைப்புகளை அதோடு ஒப்பிட்டுப் பிறகு பார்த்துக்கொண்டேன். ஐரோப்பாவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1961ல் பொருளியலாளர் பலாசா வகுத்த படிநிலைகள் உங்கள் பாடத்தில் கட்டாயம் இருக்கும்: தடையில்லா வணிகப் பகுதி (உறுப்பு நாடுகளுக்குள் வரி இல்லை), சுங்க ஒன்றியம் (வெளியாருக்கும் எல்லோரும் ஒரே வரி), பொதுச் சந்தை (ஆட்களும் முதலீடும்கூடத் தடையின்றி நகரலாம்), பொருளாதார ஒன்றியம் (பொருளாதாரக் கொள்கைகளும் ஒத்துப்போகும்), முழு ஒருங்கிணைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆண்டு போட்டுக் காட்டக்கூடிய இடம் ஐரோப்பாதான். 1957 ரோம் ஒப்பந்தம், 1968ல் சுங்க ஒன்றியம், 1993ல் ஒற்றைச் சந்தை, 1999ல் யூரோ. இந்த நான்கு ஆண்டுகளையும் படிநிலைகளோடு சேர்த்து மனதில் நிறுத்தினால் வரையறைகளைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

அப்புறம் பொருளியலாளர் வைனர். வணிக உருவாக்கம் (உள்நாட்டில் விலை கூடிய பொருளை விட்டுக் கூட்டாளி நாட்டிடம் மலிவாக வாங்குவது), வணிகத் திசைமாற்றம் (மலிவான வெளிநாட்டை விட்டுக் கூட்டாளி நாட்டிடம் வாங்குவது) என்ற இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் குறைவு. திசைமாற்றத்துக்கு வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் விலை 100, பிரான்சின் விலை 120, பிரிட்டன் விதிக்கும் வரி 30 என்று வைத்துக்கொள்வோம். வரி சேர்த்தால் 130, 150. பிரிட்டன் நியூசிலாந்திடம் வாங்கும். இப்போது பிரிட்டன் பிரான்சோடு சுங்க ஒன்றியத்தில் சேர்கிறது. பிரெஞ்சு வெண்ணெய்க்கு வரி இல்லை, 120க்குக் கிடைக்கும். நியூசிலாந்து வெண்ணெய் அதே 130. வாங்குகிறவருக்கு 10 மிச்சம், ஆனால் அரசுக்கு வரவேண்டிய 30 போய்விட்டது. 100க்கு வாங்கிய பொருளுக்கு நாடு இப்போது 120 கொடுக்கிறது. விடைத்தாளில் இந்தக் கணக்கை ஆறு வரியில் எழுதிப் பக்கத்தில் வரைபடத்தையும் போட்டுவிட்டால், படித்ததைப் புரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

எண்கள் நான் வைத்தவை, நடந்தது நிஜம். 1973ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1960களின் நடுவில் நியூசிலாந்து ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி பிரிட்டனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவரை பிரிட்டனில் நியூசிலாந்துக்குக் காமன்வெல்த் வரிச்சலுகையும் இருந்ததால், என் கணக்கில் உள்ளதைவிட உண்மையான அடி பலமானது. நியூசிலாந்துக்காரர்கள் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் தனி ஒதுக்கீடு கேட்டுப் பேரம் பேசி வாங்கினார்கள். புதிய சந்தைகளைத் தேடினார்கள். 1983ல் ஆஸ்திரேலியாவோடு நெருங்கிய பொருளாதார உறவு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒருங்கிணைப்பின் விலையைக் கூட்டமைப்புக்கு வெளியே இருப்பவரும் கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மாணவர்கள் விடுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

தடையில்லா வணிகப் பகுதிக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது அடிக்கடி வரும் கேள்வி. பொதுவான வெளி வரி உண்டா இல்லையா என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வனஸ்பதிக் கதையை எழுதுங்கள். இந்திய இலங்கை தடையில்லா வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பாமாயிலுக்கு அப்போது இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன, முதலீடு செய்தவர்களில் இந்தியர்களும் உண்டு. வெளிநாட்டுப் பாமாயிலைக் குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய ஆலைக்காரர்கள் கொதித்தார்கள், இந்தியா அளவு வரம்பு விதித்தது. வெளி வரி ஆளுக்கொன்றாக இருக்கும்போது சரக்கு வரி குறைந்த வாசல் வழியாகத்தான் நுழையும். அதைத் தடுக்கத்தான் ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் பிறப்பிட விதிகள். அந்த ஒப்பந்தத்தில் உள்நாட்டு மதிப்புக்கூட்டல் குறைந்தது 35 விழுக்காடு வேண்டும் என்று இருந்தது. அப்படியும் இது நடந்தது. பாடப்புத்தகம் ஒரு பத்தியில் கடந்து போகிற பிறப்பிட விதிக்கு நீங்கள் ஒரு முழு மாலை கொடுங்கள்.

சமூக விளைவு என்று வரும்போது பலர் "கலாச்சாரப் பரிமாற்றம் ஏற்படுகிறது" என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். ஆட்களின் நகர்வைப் பாருங்கள். 2004ல் போலந்து உட்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை காத்திருந்தன. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்றொரு சின்ன ஊர், சுற்றிலும் காய்கறிப் பண்ணைகள். கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் பெருமளவில் அங்கே குடியேறினார்கள். பண்ணைகளுக்கு ஆள் கிடைத்தது. வீட்டு வாடகை, பள்ளி இடம், மருத்துவரிடம் காத்திருப்பு என்று ஊர்க்காரர்களிடம் குறையும் சேர்ந்தது. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர்கள் நாடு முழுக்க 51.9 விழுக்காடு, பாஸ்டனில் 75.6. நாட்டிலேயே அதுதான் அதிகம். வந்தவர்களின் சொந்த நாடுகளைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். இளைஞர்கள் கிளம்பிப்போன ஊர்களில் மருத்துவரும் செவிலியரும் பற்றாமல் போனதும் இதே விளைவின் மறுபாதிதான்.

யூரோவுக்கு கிரீஸ் போதும். 2001ல் சேர்ந்தது, 2009ல் அரசின் பற்றாக்குறைக் கணக்கு தவறு என்று தெரிந்தது, 2010ல் மீட்புக் கடன், 2013ல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. சொந்த நாணயம் இருந்திருந்தால் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கியிருக்கலாம். அந்த வழி அடைபட்டதால் கூலியும் ஓய்வூதியமும் குறைந்தன. எந்த நாடுகளுக்கு ஒரே நாணயம் பொருந்தும் என்று சொல்லும், பொருளியலாளர் ராபர்ட் மண்டெலின் உகந்த நாணயப் பகுதிக் கோட்பாட்டை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள். தனியாக எழுதினால் அது ஒட்டாது.

இவ்வளவு படித்த பிறகு சார்க் கேள்வி எளிதாகிவிடும். தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் 5 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வணிகத்தில் 60 விழுக்காடு அளவுக்கு உள்ளேயே நடக்கிறது. தெற்காசியத் தடையில்லா வணிக ஒப்பந்தமான சாப்டா 2006ல் நடைமுறைக்கு வந்தும் ஏன் இப்படி? வரிச்சலுகை கிடைக்காத பொருள்களின் எதிர்மறைப் பட்டியல்கள், எல்லையில் காத்திருக்கும் லாரிகள், 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சிமாநாடே நடக்காதது. பிரான்சும் ஜெர்மனியும் போர் முடிந்து ஆறே ஆண்டில், 1951ல், நிலக்கரியையும் எஃகையும் பொது ஆணையத்திடம் ஒப்படைக்க ஒப்பந்தம் போட்டன. இந்த ஒப்பீட்டை எழுதும்போது அரசியல் காரணத்தைத் தயங்காமல் முதலில் வையுங்கள், என் கணிப்பில் அதுதான் முதல் காரணம்.

ஆசிய பசிபிக் நாடுகளின் வணிக ஒப்பந்தமான ஆர்செப்பின் பேச்சுவார்த்தையிலிருந்து இந்தியா 2019 நவம்பரில் விலகியது சரியா என்று கேட்டால் ஒரு பக்கம் நின்று எழுதுங்கள். பால் உற்பத்தியாளர்களின் அச்சத்தையும், சீனாவோடு உள்ள வணிகப் பற்றாக்குறையையும், உற்பத்திச் சங்கிலியிலிருந்து விலகி நிற்பதன் இழப்பையும் எடைபோட்ட பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமம் என்று முடிக்கும் விடையில் ஆராய்ச்சி இருக்காது.

இன்னொன்று. இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களின் முழு வாசகம் வணிக அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தைத் திறந்து மிளகுக்கோ பாமாயிலுக்கோ வரி எந்த ஆண்டில் எவ்வளவு குறைகிறது என்று அட்டவணையில் தேடிப் பாருங்கள். 2009ல் இந்த ஒப்பந்தத்துக்குக் கேரளம் ஏன் அத்தனை எதிர்ப்புக் காட்டியது என்பது அந்த அட்டவணையைப் பார்த்தாலே புரியும்.