வெட்டுப்பட்டவனுக்குக் கனடா: ஒப்பந்தம் பிறகு, கோர்ட் கடுதாசி முதலில்

அமெரிக்க ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல் வெட்டிவிட்ட, அதாவது அணியை விட்டு நீக்கிய, ஆட்டக்காரன் ஒருவனை கனடிய ஃபுட்போல் லீக்கான சி.எஃப்.எல்லுக்குக் கொண்டுவர யோசிக்கிறவர்கள், அவன் 40 யார் (கெஜம்) தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுவான் என்று கேட்பதற்கு முன் "உன்னை எப்பவாவது பொலிஸ் பிடிச்சிருக்கா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த வழக்கு எப்படி முடிந்தது, அதைச் சொல்லும் முத்திரை குத்திய கடுதாசி எங்கே என்று கேளுங்கள். ஆள் நல்லவன், அணி தயார், ஒப்பந்தம் கையெழுத்தாகி விட்டது. அப்படியிருந்தும் இந்தக் கண்டறியாத கடுதாசி ஒன்றுக்காக எங்கள் பெடியனின் சீசன் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ரொறன்ரோவில் ஒரு சின்ன ஏஜண்ட் கந்தோரில் பேப்பர் அலுவல் பார்க்கிறவன். பெடியன் தெற்கு ஜோர்ஜியாவில் ஒரு சிற்றூர்க்காரன், எதிரணியில் பந்து பிடிப்பவனை மறிக்கிற கோர்னர்பேக். 2024 ஒகஸ்ட் 27 அன்று எல்லா அணிகளும் 90 பேரை 53 ஆக்கினபோது வெட்டுப்பட்டான். அடுத்த நாள் வேவரில், அதாவது வெட்டுப்பட்டவனை மற்ற அணிகள் கேட்டு எடுக்கிற முறையில், யாரும் எடுக்கவில்லை. பயிற்சி அணிக்கும் அழைப்பு வரவில்லை. இதுவரை எல்லாம் வழமையான கதைதான்.

பிறகுதான் அந்தக் கேள்வி: காத்திருப்பதா, வடக்கே வருவதா? காசை மட்டும் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை. அந்த வருஷம் என்.எஃப்.எல் பயிற்சி அணியில் இருப்பவனுக்குக் கிழமைக்கு 12,500 அமெரிக்க டொலர். சி.எஃப்.எல்லில் முழுச் சீசனுக்குமான குறைந்தபட்சச் சம்பளமே 70,000 கனடிய டொலர்தான். அங்கே நாலு கிழமை சொச்சம் இருந்தால் இங்கே முழு வருஷமும் உழைப்பது கைக்கு வந்துவிடும். அதுவும் செப்டெம்பரில் வந்து சேருகிறவனுக்கு மிச்ச ஆட்டங்களுக்கான காசு மட்டுமே. ஆனால் அந்த 12,500 யாராவது போன் எடுத்தால்தான். இங்கே கையெழுத்து வைத்துவிட்டால், ஒக்ரோபரில் அங்கே ஒருவன் முழங்காலை முறித்துக்கொண்டு இடம் காலியானாலும் நம் ஆள் போக முடியாது, சி.எஃப்.எல் அணி விடுவித்தால்தான் உண்டு. வசந்தத்தில் தொடங்கும் யு.எஃப்.எல் என்ற சின்ன அமெரிக்க லீக் இன்னொரு வழி. அதற்கு அடுத்த மார்ச் வரை வீட்டில் கிடக்க வேண்டும்.

இந்த இடத்தில் எல்லாரும் கமரன் வேக் கதையை எடுப்பார்கள். 2005 இல் டிராஃப்டில் (புது ஆட்டக்காரரை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்வது) யாரும் எடுக்காமல், என்.எஃப்.எல்லின் ஜயன்ட்ஸ் அணியும் வெட்டி, 2007 இல் சி.எஃப்.எல்லின் பி.சி லயன்ஸுக்கு வந்து, இரண்டு வருஷமும் லீக்கின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரன் ஆகி, 2009 இல் என்.எஃப்.எல்லின் மயாமி அணிக்குப் போனவர். உண்மைக் கதைதான். ஆனால் அதை வெட்டுப்பட்ட அன்றே ஒரு பெடியனுக்குச் சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். வேக் இரண்டு முழுச் சீசன் இங்கே விளையாடியவர். செப்டெம்பரில் வந்து இறங்குகிறவனுக்கு அது கணக்கே வேறு. அவன் வருவது அடுத்த வருஷம் அணிகளுக்குக் காட்டுகிற ஆட்ட வீடியோவுக்காகவும், பயிற்சியாளர் ஒருவர் தன் பெயரை ஞாபகம் வைத்திருப்பதற்காகவும்தான். இதை அப்படியே அவனிடம் சொன்னேன். ஒரு இரவு யோசித்துவிட்டு, வருகிறேன் என்றான்.

வருகிறேன் என்றவுடன் எந்த அணிக்கும் வந்துவிட முடியாது. நெகோசியேஷன் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. சி.எஃப்.எல்லின் ஒன்பது அணிகளும் தலா 45 பெயரை எழுதி வைத்திருக்கும். அதில் பெயர் இருந்தால் அந்த ஒரு அணியோடு மட்டும்தான் கதைக்கலாம். எல்லாப் பெயரும் வெளியே வராது, ஆட்டக்காரனுக்கே பல நேரம் தெரியாது. ஏஜண்ட் கேட்டு அறியலாம், கேளுங்கள். எங்கள் பெடியனை மேற்குப் பக்க அணி ஒன்று கல்லூரிக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டு மறந்துபோயிருந்தது. அவர்களுக்கு கோர்னர்பேக் தேவையில்லை. கிழக்கில் ஓர் அணிக்கு அவசரமாகத் தேவை, ஆனால் அவர்கள் எங்களோடு வாய் திறக்க முடியாது.

அதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தம் தா என்று முறைப்படி கேட்டால், அந்த அணி 10 நாளுக்குள் ஒன்றை நீட்ட வேண்டும், அல்லது பெயரை விட வேண்டும். முன்னாள் என்.எஃப்.எல் ஆட்டக்காரர் ஜொனி மன்சியல் ஹமில்டன் அணியைக் கேட்டதும் இதே 10 நாள் விதியின் கீழ்தான். நாங்களும் கேட்டோம். மேற்குக்காரர் கெடு முடிகிற நாள்வரை மூச்சு விடவில்லை. கடைசி நாள் பின்னேரம் உரிமையைக் கிழக்கு அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை: கிழக்கு அணியின் தேவை மேற்குக்காரரின் காதில் விழும்படி பார்த்துக்கொண்டது எங்கள் கந்தோர்தான். எப்படி என்று எழுதமாட்டேன்.

இடையில் ஒன்று. யாருடைய கோப்பைத் திறந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்விகளில் "உன் அம்மா அப்பாவில் ஆராவது கனடாவில பிறந்தவையா?" என்பதும் ஒன்று. ஒவ்வொரு அணியிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கனடியராக இருக்க வேண்டும் என்பதால், கனடியக் குடியுரிமையுள்ள ஓர் ஆட்டக்காரனின் மதிப்பே வேறு. அலெக்ஸ் சிங்கிள்டன் கலிபோர்னியாவில் பிறந்தவர், என்.எஃப்.எல் அணிகள் வரிசையாகக் கைவிட்ட பிறகு, தாயின் வழியாகக் கனடியர் என்ற தகுதியோடு 2016 டிராஃப்டுக்கு வந்தார். அடுத்த வருஷமே லீக்கின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரன். இப்படி யாராவது இருந்தால் ஒரு எச்சரிக்கை: முதல் சி.எஃப்.எல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் நேரத்தில் குடியுரிமை இருந்ததா என்பதுதான் கணக்கு. அவசரப்பட்டு அமெரிக்கன் என்று வைத்துவிட்டு, பிறகு அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடிப் பிரயோசனமில்லை. குடியுரிமை இருப்பவன் நேரே அணியில் சேரவும் முடியாது, டிராஃப்டுக்குப் போக வேண்டும். எங்கள் பெடியனுக்கு அப்படி ஒரு கொடுப்பினையும் இல்லை. ஏழு தலைமுறையும் ஜோர்ஜியா.

ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை இரண்டும் பிரச்சினையில்லாமல் முடிந்தன. வேலை செய்வதற்கான பெர்மிட் பக்கமும் சுலபம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கனடிய அணிக்கு விளையாட வரும் ஆட்டக்காரனுக்கு எல்.எம்.ஐ.ஏ (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கலாம் என்ற அரசின் ஒப்புதல்) தேவையில்லை. அணி இணையத்தில் வேலைவாய்ப்பைப் பதிந்து 230 டொலர் கட்டினால் இலக்கம் ஒன்று வரும். அமெரிக்கக் குடிமகன் அந்த இலக்கத்தோடு எல்லைக்கே வந்து, 155 டொலர் கட்டி, அங்கேயே பெர்மிட்டை வாங்கலாம்.

ஆனால் எங்கள் பெடியன் கல்லூரியில் இருந்தபோது, 2020 இல், குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாக ஒரு வழக்கு. பிறகு தள்ளுபடியானது. அவன் இதை எங்களிடம் மறைக்கவில்லை. நானும் அணிக்கு எழுதினேன், கோர்ட்டின் இணையப் பக்கத்தில் 'தள்ளுபடி' என்று போட்டிருந்ததைப் படம் எடுத்து இணைத்தேன், மூலப் பிரதி தேவைப்படாதா என்றும் கேட்டேன். அணியில் பயண அலுவல் பார்க்கிறவர் "அது காணும், எல்லாரும் அப்படித்தான் வாறவை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். பெடியனுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

நயாகரா ஆற்றுப் பாலமொன்றில் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்கள். அதிகாரியின் திரையில் கைது மட்டும் இருந்தது, முடிவு இல்லை. அமெரிக்கப் பதிவுகளில் இது சாதாரணம்: பிடித்ததை உடனே பதிவார்கள், விட்டதைப் பதிய யாருக்கும் அவசரமில்லை. இவன் போனில் இருந்த படத்தைக் காட்டினான். அதிகாரி அதைப் பார்க்கவே இல்லையாம். கோர்ட் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், இல்லாமல் விட முடியாது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் பெட்டிகளோடு நின்று எனக்குப் போன் எடுத்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவே ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த குடிவரவு லோயர் அக்கா ஒருவருக்கு அடித்தேன். "தம்பி, எல்லையில நிக்கிற ஆளுக்கு உன்ர பெடியன் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு தெரியாது. அவருக்கு நீ நீட்டுற கடுதாசிதான் தெரியும். 2018 டிசம்பர் 18க்குப் பிறகு குடிச்சிட்டு ஓடுறது இஞ்ச பெரிய குற்றம், பத்து வருஷம் வரைக்கும் தண்டனை. தள்ளுபடி எண்டா அதைக் காட்டு. காட்டாட்டி அவை குற்றம் எண்டுதான் எடுப்பினம்."

அக்கா சொன்ன இன்னொன்றையும் இங்கே போட்டு வைக்கிறேன். 'அது குறைந்த குற்றமாக மாற்றப்பட்டது' என்று ஆட்டக்காரர் சந்தோசமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் பொறுப்பற்ற ஓட்டம் என்று மாற்றி முடித்த வழக்கும் கனடாவில் அபாயகரமான ஓட்டுதலாகக் கொள்ளப்படலாம். அதற்கும் இங்கே உச்சத் தண்டனை பத்து வருஷம்தான். அப்படி ஆனால் தற்காலிக அனுமதி கேட்க வேண்டும். நிரந்தரமாகத் துடைப்பதற்கு, தண்டனை முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுப் பெடியன் எங்கே போய் ஐந்து வருஷம் காத்திருக்கிறது?

இனி அந்த ஊர் கோர்ட் கந்தோர். போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை எடுத்த பெண்மணி, பிரதி வேண்டுமென்றால் நேரில் வா, அல்லது தபாலில் காசுக்கட்டளை அனுப்பு என்றார். கிரெடிட் கார்ட் எடுக்கமாட்டார்கள். மின்னஞ்சலில் தரமாட்டார்கள். வெளிநாட்டுக்கு ஃபக்ஸ் அனுப்பமாட்டார்கள். நான் நிற்பது கனடா என்றதும், என்னவோ சந்திரனில் இருந்து கேட்கிற மாதிரி ஒரு மௌனம். பெடியனின் அம்மா காசுக்கட்டளை அனுப்பினா. வந்தது என்ன? வழக்கின் திகதிகளை அச்சடித்த ஒரு தாள். முத்திரை இல்லை, நீதிபதியின் கையெழுத்து இல்லை. திரும்பக் கேட்டபோது "நீங்கள் தீர்ப்பு என்று கேட்கவில்லையே" என்றார் அதே பெண்மணி. கடிதத்தில் கேட்டிருந்தோம், பிரதி என்னிடம் இருக்கிறது. அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டு நாண்டுகொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஹெலீன் சூறாவளி. செப்டெம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறி நேரே ஜோர்ஜியாவுக்குள் வந்தது. ஊரில் கரண்ட் இல்லை, கோர்ட் பூட்டு. அந்த நேரம் கடுதாசி பற்றிக் கதைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் அம்மா வீட்டுக் கூரையில் மரம் கிடந்தது. அணியில் இருந்து மட்டும் ஆய்க்கினை நிற்கவில்லை: எப்ப வாறான், எப்ப வாறான். 'அது காணும்' என்ற அதே ஆள்தான்.

கடைசியில் வேலையை முடித்தது அவனுடைய உயர்பள்ளிப் பயிற்சியாளர். கந்தோர் திறந்த அன்றே காசோடு போய் வரிசையில் நின்றாராம். 'சான்றுப்படுத்திய வழக்கு முடிவு' என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்துக் காட்டி, முத்திரை குத்தும்வரை கவுன்டரை விட்டு நகரவில்லை. தாளை போனில் படம் எடுத்து அனுப்பினார். படத்தில் முத்திரை தெரியவில்லை, மை இல்லாமல் அழுத்திய முத்திரை. திரும்பவும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "தடவிப் பார்த்தேன், மேடு தட்டுப்படுகிறது" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டாம் முறை அக்காவின் சட்ட விளக்கக் கடிதமும் கூடப் போனது, ஒரே பக்கம். அதிகாரி வேறு ஆள். தாளை வாங்கி, பெருவிரலால் முத்திரையை ஒருக்கால் உரசிப் பார்த்தாராம். பெர்மிட் அடித்துக் கொடுத்துவிட்டு, தடுப்பில் எந்த இடம், கோர்னரா சேஃப்டியா என்று கேட்டிருக்கிறார்.

ஒக்ரோபர் நடுப்பகுதி. வழமையான ஆட்டங்கள் அந்த மாதம் 26 ஆம் திகதியோடு முடிகின்றன. ஒரே ஓர் ஆட்டத்தில் உடுப்பு மாட்டினான், அதுவும் பந்தை உதைக்கும்போது ஓடுகிற குழுவில். கையை உயர்த்திக் காட்டி இடைஞ்சல் இல்லாமல் பந்தைப் பிடிக்கிற ஃபெயார் கச் இங்கே இல்லை, பந்தைப் பிடிக்கப் போகிறவனுக்கு ஐந்து யார் இடம் விட வேண்டும். முதல் பந்திலேயே போய் ஒட்டி நின்று தண்டனை வாங்கிக் கொடுத்தான். பயிற்சியாளர் சிரித்தாராம். பயிற்சியில் அவனுக்குப் பிடிபடாதது அதைவிட வேறு: 65 யார் அகல மைதானம், பந்து நகரும் முன்பே முழு வேகத்தில் உன்னை நோக்கி ஓடி வரும் ரிசீவர்கள், அதாவது எதிரணியில் பந்து பிடிப்பவர்கள். பின்னால் ஓடத் தொடங்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது என்றான்.

ஒப்பந்தம் அடுத்த வருஷத்துக்கும் இருக்கிறது. மே மாதக் காம்பிற்கு அதே பாலத்தால் திரும்ப வர வேண்டும், அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். அதனால் அந்தப் பயிற்சியாளரிடம் சொல்லி மூன்று பிரதிகளாக எடுப்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் சில டொலர்தான். ஒன்று பெடியனின் பாஸ்போட்டுக்குள், ஒன்று அம்மாவிடம், ஒன்று என் லாச்சியில். அணியின் பயண அலுவலருக்கு ஸ்கான் பண்ணி அனுப்பினேன். நன்றி, இது தேவைப்படாது என்று பதில் போட்டிருக்கிறார்.