கடல்மல்லை நாட்குறிப்பு: பொங்கல் முதல் மாசி மகம் வரை

ஜனவரி 13, 2024, சனி

நாட்டிய விழா பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கடல்மல்லை என்ற பழைய பேர் கொண்ட எங்கள் மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலை ஒட்டித் திறந்தவெளி மேடை. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எனக்கு முன்வரிசையில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம். பின்னால் எங்கள் குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாடைக்காற்று வேகம் எடுக்கும்போதெல்லாம் அலைச் சத்தம் மேலே வந்து சலங்கைச் சத்தத்தை மூடிவிடும். அப்புறம் காற்று தணிந்ததும் சலங்கை திரும்பக் கேட்கும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னாலேயே மேடை போடுவார்கள். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் பாறை யானைகள் நிற்கும். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் கைடு வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பதினெட்டு வருடமாக இந்த வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாமா?" சென்னையில் காலையில் கிளம்பி, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறை, பத்து போட்டோ, மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி. முடிக்கலாம்தான். நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்காதவர்களுக்கு இந்த ஊர் பாதிதான் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசை. அந்தச் சின்ன நேரத்தில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் பொங்கலிலிருந்து மாசி மகம் வரை இங்கே எழுதப் போகிறேன்.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். எங்கள் ஊருக்கு வருடத்திலேயே பெரிய கூட்டம் இன்றைக்குத்தான். ஒன்பது மணிக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நகரவில்லை. தலைவாழை இலை, தூக்குவாளியில் புளியோதரை, தயிர்சாதம், வடை என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வேனில் இருபத்திரண்டு பேர். அதில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் முதல் முறையாகக் கடலைப் பார்த்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். நானும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

கடலில் இறங்கவிடாமல் போலீஸார் கயிறு கட்டியிருந்தார்கள். அது சரியான ஏற்பாடு. கோயில் பக்கம் தண்ணீருக்குள் பாறைகள் உண்டு, காலை வாரி உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. மேலே பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். எங்கள் குப்பத்து ஆட்களே அந்த இடத்தில் நீந்த மாட்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மாவைத் தவறவிட்டு வெண்ணெய் உருண்டைப் பாறை அருகே அழுதுகொண்டிருந்தது. ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. "அப்பா ஆட்டோ" என்று மட்டும் சொன்னது. பாறையைத் தள்ளுவதுபோல் படம் எடுக்க வரிசையில் நின்ற கூட்டம் முழுவதும் நிறுத்திவிட்டுக் குரல் கொடுக்க ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கிடைத்தார். அடுத்த வருடம் வருகிறவர்களே, குழந்தையின் கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிட்டுக் கூட்டிவாருங்கள். அது போதும்.

ஐந்து ரதத்தில் ஒரு பையன் நாணயத்தால் கல்லில் பேர் கீறிக்கொண்டிருந்தான். திட்டத்தான் வாய் வந்தது. திட்டவில்லை. அவனைக் கூட்டிப் போய் தர்மராஜ ரதத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டினேன். மேலே எல்லாம் முடிந்திருக்கும், கீழே வேலை பாதியில் நிற்கும். ஒரே பாறை என்பதால் உச்சியில் தொடங்கி இறங்கிக்கொண்டே செதுக்கியிருக்கிறார்கள். சாரம் கட்டத் தேவையில்லை, ஆனால் ஒரு அடி தப்பினால் திருத்த வழியில்லை. "ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா. செஞ்சவன் ஒருத்தன்கூட இதுல தன் இஷ்டத்துக்குப் பேர் எழுதல" என்றேன். அவன் நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு அவனே நண்பர்களைக் கூட்டிவந்து அந்த இடத்தைக் காட்டினான்.

ஜனவரி 18, வியாழன்

காலையில் கடற்கரை முழுக்கக் குப்பை. துப்புரவுப் பணியாளர்கள் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். நாங்களும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டோம். ஒரு ஓரத்தில் மட்டும் யாரோ ஒரு குடும்பம் தங்கள் இலைகளையெல்லாம் மடித்துக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தது. அவர்கள் யாரென்று தெரிந்தால் நன்றி சொல்வேன்.

டீக்கடையில் இரண்டு நாளாக சதுரங்கப் பேச்சு. முந்தாநாள் நெதர்லாந்தில் விக் ஆன் ஸீ என்ற ஊரில் பிரக்ஞானந்தா உலகச் சாம்பியன் டிங் லிரனை வென்றுவிட்டார். அதுவும் கறுப்புக் காயில். அந்த ஊரும் எங்களைப் போலவே கடலோரச் சின்ன ஊர் என்று அண்ணன் மகன் போனில் படம் காட்டினான்.

2022 ஜூலை, ஆகஸ்டில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் எங்கள் ஊரில் நடந்ததை நாங்கள் மறக்க முடியாது. 186 நாடுகள். தெருவெங்கும் போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி'. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்தபோது வலை பின்னிக்கொண்டிருந்த என் அப்பா, ராஜா எப்படி நகரும் என்று தெரியாதவர், தினமும் சாயங்காலம் "அந்தப் பையன் இன்னைக்கு?" என்று கேட்பார். இந்திய பி அணிக்கு வெண்கலம், பெண்கள் அணிக்கும் வெண்கலம். ஓய்வு நாளில் ஒரு ஆப்பிரிக்க நாட்டு அணிப் பெண்களுக்கு அர்ச்சுனன் தபசைக் காட்டினேன். பின்னங்காலில் நின்று கை தூக்கித் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிக் காலடியில் கூடியிருக்கும் எலிகளையும் பார்த்துவிட்டு ஒரு பெண், "இப்படி ஒரு ஆள்கிட்டதான் நேத்து தோத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று வேலை இல்லை. பக்கத்துத் தெருச் சிற்பி அண்ணன் பட்டறையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மலேசியாவில் ஒரு கோயிலுக்கு மூன்றடிப் பிள்ளையார். கல் வந்ததும் அவர் முதலில் செய்வது தட்டிப் பார்ப்பது. மணி மாதிரி கணீரென்று கேட்டால் ஆண் கல். அதில்தான் மூலவர் செய்வார்கள். சத்தம் உடைந்து கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பிறகு காவியைக் குழைத்து நடுக்கோடு போட்டு, சிலை அளவுக்கான தாளக் கணக்குப்படி அளந்து பிரிப்பார். பெரிய கழிவை எடுக்க இப்போது எல்லாப் பட்டறையிலும் கட்டர் மெஷின்தான். ஆனால் முகத்துக்கு உளிதான். உளி மழுங்க மழுங்க உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துக் கூர் ஏற்ற வேண்டும். இந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் வெளியூரில் தங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் படித்தது இங்குள்ள அரசு சிற்பக் கல்லூரி. 1957இல் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி பல வருடம் முதல்வராக இருந்த இடம். 2015இல் உலகக் கைவினைக் கவுன்சில் எங்கள் ஊரைக் கல்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கல்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அண்ணனுக்கு அதில் பெருமை உண்டு. அவருடைய கவலை வேறு. கட்டர் வந்தபிறகு தூசி மாவு மாதிரி பறக்கிறது. ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பத்து மணி நேரம் உட்காருகிற பையன்களின் நெஞ்சு என்னாகும்? நல்ல முகக்கவசமும் தூசியை உறிஞ்சும் மெஷினும் ஒவ்வொரு பட்டறைக்கும் வந்தே ஆக வேண்டும். சிலையின் விலையைக் கேட்டுவிட்டுப் பாதிக்குக் கேட்கிறவர்கள் ஒரு அரைமணி நேரம் அந்தத் தூசியில் நின்று பார்க்கட்டும்.

பல்லவர் காலத்து முடியாத குகைகளில், பாறையைச் சதுரம் சதுரமாகப் பள்ளம் வெட்டிப் பிரித்து, ஒவ்வொரு சதுரமாகத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரியும். அண்ணன் புதுப் பையன்களை அங்கே கூட்டிப் போய்த்தான் முதல் பாடம் சொல்கிறார். "முடிஞ்ச சிலையப் பார்த்தா கும்பிடத்தான் தோணும். முடியாததப் பார்த்தாதான் வேலை தெரியும்" என்றார்.

ஜனவரி 28, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு என் அண்ணன் மகன் அலையேறும் சர்ஃபிங் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். கூடப் போனேன். அவனுக்குப் பதினாறு வயது.

வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன பழைய போர்டில் ஏறிப் பழகிய குப்பத்துப் பையன்கள்தான் இங்கே முதலில் அலையேறினார்கள். அதற்கு முன்பே உடைந்த கட்டுமரத் துண்டில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவது எங்கள் பிள்ளைகளின் விளையாட்டு. எந்த அலை உடையும், எது கரை வரை வரும் என்று அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டே வளர்கிறவர்கள். போன ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி இங்கே நடந்தது. எங்கள் கரையில் வெளிநாட்டு வீரர்கள் அலை பிடிப்பதைப் பார்க்க அப்பா குடையோடு வந்து மணலில் உட்கார்ந்தார். எந்தப் புள்ளி எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் அலையைத் தேர்ந்தெடுக்கும்போதே "இது உடையும், விட்டுடணும்" என்பார். பெரும்பாலும் அப்படியே நடந்தது.

பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இந்தக் கரையிலேயே பழகிய கமலி மூர்த்தி போட்டிகளில் அலையேறுவதைப் பார்த்தபிறகு, "பொண்ணுக்கு எதுக்கு கடலு" என்று கேட்டவர்கள் குரல் குறைந்துவிட்டது. எனக்கு இருபது வயதில் அந்த வாய்ப்பு இருந்திருந்தால் நானும் ஏறியிருப்பேன்.

இன்று அலை சரியில்லை. கச்சான் காற்று மாதங்களில்தான் நல்ல அலை வரும். அவன் மூன்று முறை விழுந்து நான்காவதில் கரை வரை நின்றுகொண்டே வந்தான். "அத்தை, பாத்தியா!" பார்த்தேன் கண்ணா.

பிப்ரவரி 8, வியாழன்

ஒரு பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள். ஆசிரியை முன்பே பேசியபோது வழக்கமான மூன்று இடங்களோடு பக்கத்திலுள்ள சாளுவன்குப்பமும் வேண்டும் என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புலிக்குகையில் புலி எங்கே என்று தேடினார்கள். புலி இல்லை, பதினொரு யாளித் தலைகள் என்று எண்ண வைத்தேன். அப்புறம் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முருகன் கோயில் இருந்த பள்ளம். 2004 டிசம்பர் 26 காலை நான் குப்பத்தில்தான் இருந்தேன். கடல் உள்வாங்கியபோது அதுவரை பார்க்காத பாறைகள் தெரிந்தன. அப்பா "ஓடுங்க" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அலை போனபிறகு இந்தப் பக்கம் மணல் அரித்து ஒரு பாறையில் எழுத்து தெரிந்தது. கோயிலுக்குத் தானம் கொடுத்த கல்வெட்டு. அப்படியானால் அந்தக் கோயில் எங்கே என்று தொல்லியல் துறையினர் தோண்ட ஆரம்பித்தார்கள். மேலே பல்லவர் காலக் கருங்கல், அதற்கும் அடியில் செங்கல் கோயில். சங்க காலத்தது என்றார்கள். கல்லில் செய்த வேலும் கிடைத்தது.

"அப்போ சுனாமி நல்லதா அக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்றேன். எங்கள் குப்பத்தில் படகுகள் போனதை, வீடுகள் போனதைச் சொன்னேன். பிள்ளைகள் பேசாமல் கேட்டார்கள். அதன்பிறகு ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டே பஸ் வரை நடந்தாள்.

திரும்பும் வழியில் கடற்கரைக் கோயில். உப்புக்காற்று கல்லைத் தின்பதையும், காகிதக் கூழை அப்பி உப்பை வெளியே இழுப்பதையும், அந்தக் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நிற்பதையும் விளக்கினேன். இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருப்பதைப் பாதிப் பேர் கவனிக்காமலே போய்விடுவார்கள். இவர்கள் கவனித்தார்கள்.

பிப்ரவரி 23, வெள்ளி

நாளை மாசி மகம். மத்தியானத்திலிருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம். நாலு கழி நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. சாயங்காலத்துக்குள் மணல் முழுக்க வண்ண வண்ணப் புடவை வீடுகள். அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். வருடம் முழுக்கப் பார்க்காத சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட தங்கள் தெய்வம் கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்துப்போகத்தான் வருகிறார்கள். வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இவர்களுடையது. விஷமுறிவு மருந்துக்கு மூலம் அங்கிருந்து போகிறது. போன வருடம் இவர்களில் பாம்பு பிடிக்கிற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இந்த ஒரு ராத்திரிக்குத் தேவையான கழிப்பறையும் குடிதண்ணீரும் வெளிச்சமும் இன்னும் போதாது. வருடா வருடம் வருகிற ஆயிரக்கணக்கான விருந்தாளிகளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எங்கள் ஊருக்குச் சுற்றுலாத்தலம் என்ற பெயர் எதற்கு?

பிப்ரவரி 24, சனி

நாலரைக்குப் போனேன். முழு நிலவு மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அலைக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டி, ஒவ்வொன்றிலும் பூ, பொரி, வாழைப்பழம், மஞ்சள், கற்பூரம். ஒரு அம்மாவுக்குச் சாமி வந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, சுற்றி நின்றவர்கள் குறி கேட்டார்கள். சூரியன் வரும்போது ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் கடலைப் பார்த்து நிற்க, தாலி ஏறியது. பக்கத்தில் ஒரு குழந்தைக்குக் காது குத்து, இன்னொன்றுக்கு மொட்டை.

நான் ஓரமாக நின்றிருந்தேன். யாரையும் படம் எடுக்கவில்லை. ஒரு பாட்டி கூப்பிட்டு மடி நிறையப் பொரி போட்டார். "எந்த ஊரு கண்ணு?" "இதே ஊருதான் பாட்டி." "அப்படின்னா நீதான் எங்களுக்குச் சோறு போடணும்" என்று சிரித்தார். எட்டு மணிக்கு மேல் புடவைகளைப் பிரித்து மடிக்க ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு படிகளை அலை எடுத்துக்கொண்டிருந்தது.

பொரியை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா திண்ணையில் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"கன்னியம்மா கோவம் தீர்ந்து வந்துட்டாளாமா?"

"வந்துட்டாளாம்பா."