ஸ்லைடைப் பார்த்தே சொல்லிடுங்களேன், மேடம்

“பீடி குடிக்கிறவர் மேடம். ஈஜிஎஃப்ஆர் மட்டும் பார்த்துடலாம், இல்லன்னா கீமோதான்.” நுரையீரல் புற்று வந்த ஒருவரைப் பற்றி ராயபுரத்திலிருந்து ஃபோனில் பேசிய புற்றுநோய் மருத்துவருக்கு, திசுவைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோயியல் மருத்துவரான நான் சொன்ன பதில் சரியானதுதான். அதன் பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. ஈஜிஎஃப்ஆர் என்பது ஒரு மரபணு; புற்றில் அது மாறியிருந்தால் அதற்கென்றே உள்ள மருந்தைக் கொடுக்கலாம்.

திசுவை மெழுகில் பதித்த பிளாக்கில் இருந்தது மெல்லிய இரண்டு துணுக்கு. சுரப்பி வகைப் புற்றான அடினோகார்சினோமா என்று உறுதிசெய்ய டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயப் பரிசோதனைகளோடு நிறுத்தியிருந்தோம். பிளாக்கை, மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் திரும்ப மாட்டும் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சமன்படுத்துவதிலேயே திசு வீணாகச் சீவிப்போகும். அதனால் சின்ன பயாப்சி என்றால் சாயமேற்றாத ஸ்லைடுகளையும் முதல் வெட்டிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்படி எடுத்து வைத்தும் மிஞ்சியது கொஞ்சம்தான். டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் ஈஜிஎஃப்ஆர் பிசிஆருக்கு அனுப்பினால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆல்க் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் இம்யூனோவுக்கு 4 மைக்ரான் செக்‌ஷன் ஒன்றிரண்டு போதும்.

“முதல்ல ஆல்க் போட்டுடலாம் சார்” என்றேன். ஸ்லைடில் தெரிந்தது ஆல்க் சாயல்: சல்லடைக்கண் அமைப்பு, அதன் துளைகளில் தேங்கிய சளி, உட்கரு ஓரமாக ஒதுங்கிய சிக்னெட் ரிங் செல்கள், டிடிஎஃப்-1 பாசிட்டிவ். வயதும் நாற்பதைத் தொடவில்லை. சளி இருந்தாலே ஆல்க் என்று ஓடக்கூடாது. உயரமான செல்கள் வரிசைகட்டி, உட்கரு அடியில் உட்கார்ந்து, டிடிஎஃப்-1 நெகட்டிவாக வந்தால் பெரும்பாலும் கேராஸ் என்ற மரபணு மாற்றத்தின் பக்கம்தான் போகும். காற்றறைச் சுவரை ஒட்டிப் படரும் லெபிடிக், விரல்போல நீளும் பாப்பில்லரி அமைப்போடு டிடிஎஃப்-1 பாசிட்டிவ், புகைப்பழக்கமும் இல்லை என்றால் முதலில் தேட வேண்டியது ஈஜிஎஃப்ஆர்.

ஆல்க் பாசிட்டிவாகவே வந்தது. சிக்னெட் ரிங் செல்லில் சளி சைட்டோபிளாசத்தை விளிம்புக்குத் தள்ளிவிடுவதால் சாயம் மெல்லிய வளையமாகத்தான் தெரியும். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் நெகட்டிவ் என்றே கடந்துபோய்விடலாம்.

ரிப்போர்ட் போனதும் அவரே கூப்பிட்டார். “ஸ்லைடைப் பார்த்தே சொல்லிட்டீங்களே மேடம். இனிமே நீங்க சொல்ற டெஸ்ட் ஒண்ணு மட்டும் போட்டா போதும், இவங்களுக்குக் காசு மிச்சம்.” துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறார். அந்தக் கவலை நியாயமானது.

மறுத்தேன். அடினோகார்சினோமாவும் அடங்கிய சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் ஆல்க் மாற்றம் இருக்கும். சிக்னெட் ரிங் தெரிகிற எல்லாரிடமும் அது இருக்காது. பீடி குடிப்பவரிடமும் ஈஜிஎஃப்ஆர் வரும், வாய்ப்புதான் குறைவு. தோற்றத்தை வைத்து எந்த டெஸ்ட் முதலில் என்று முடிவு செய்யலாம், எது வேண்டாம் என்று முடிவு செய்யக்கூடாது. இதைத்தான் அவரிடம் சொன்னேன், இப்போதும் அதையே நம்புகிறேன்.

ஆனால் திசு இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, எது முதலில் என்று சொல்வதே இன்னொன்றை வேண்டாம் என்று சொல்வதுதானே? ஆல்க் நெகட்டிவாக வந்து, மிச்சத்தில் ஈஜிஎஃப்ஆருக்குப் போதிய டிஎன்ஏ கிடைக்காமல் போயிருந்தால்? ரத்தத்தில் பார்க்கலாம்தான். அதற்குத் தனிச் செலவு. அதில் நெகட்டிவ் வந்தாலும் மாற்றம் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மறுபடி ஊசி போட்டு எடுக்க மூச்சுத்திணறலோடு இருக்கிறவர் சம்மதிக்க வேண்டும்.

சின்ன பயாப்சிகளுக்கு மட்டும் “தோற்றம் ஆல்க் மாற்றத்தோடு பொருந்துகிறது, முதலில் அதைப் பார்க்கவும்” என்று ரிப்போர்ட்டின் கீழே எழுதுகிறேன். பெரிய திசு வந்தால் எழுதுவதில்லை. எல்லா டெஸ்டையும் சேர்த்தே கேட்கிறேன். ரிப்போர்ட்டை வாசிக்கிற மருத்துவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த வரிக்குப் பக்கத்திலேயே மீதமுள்ள ஸ்லைடுகளின் எண்ணிக்கையையும் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.