எண்ணெய்ச் சூடும் நட்டஈடும்

மே மாதம் பிறந்து சுற்றுலாப் பருவம் வந்தால் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை உணவகங்களில் இருக்கை கிடைப்பது அரிது. அந்தச் சமையலறைகளில் நிற்பவர்களின் முன்கைகளைப் பார்த்தால், எண்ணெய் தெறித்த புள்ளிகளும் தாச்சியின் விளிம்பு சுட்ட கோடுகளும் தெரியும். கொத்து ரொட்டி போடுபவருக்கு இரவில் மணிக்கட்டு விறைத்துப்போகிறது. பாத்திரம் கழுவும் பையன் சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி விழுகிறான். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது சமையலறை ஆபத்தைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் கையில் பொரித்த எண்ணெய் கொட்டியது. முதலாளி தாமே ஆட்டோவில் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். மருந்துச் செலவையும் கொடுத்தார். ஆனால் போகும் வழியில், “தம்பி, வீட்டில கொட்டினதெண்டு சொல்லு” என்று கேட்டுக்கொண்டார். தம்பியும் அப்படியே சொல்ல, மருத்துவக் குறிப்பிலும் அதுவே பதிவாயிற்று. அந்த ஒரு வரி, பின்னர் அவர் கேட்கக்கூடிய நட்டஈட்டின் வேரையே அறுத்துவிட்டது. முதலாளி கல்நெஞ்சர் அல்லர். ஆனால் அவர் மனமுவந்து செய்யும் உதவி வேறு, சட்டப்படி கொடுக்கவேண்டிய நட்டஈடு வேறு என்பதை இருவருமே அறிந்திருக்கவில்லை.

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்தினால் ஒருவர் உழைக்கும் திறனை இழந்தால், முதலாளியின் பக்கம் தவறு இருந்ததென்று நிரூபிக்காமலே நட்டஈடு கோரலாம். “உன்ர கவனக்குறைவுதானே” என்ற வழக்கமான பதில் மட்டும் அதற்குத் தடையாகாது. பருவகாலத்துக்கு மட்டும் வருபவருக்கு இது பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியல்ல. தற்காலிக வேலையாளாக இருந்தாலும், உணவகத்தின் வியாபாரத்துக்காகவே அமர்த்தப்பட்டவர் சட்டத்துக்குள் வருகிறார்.

சிக்கல் எழுவது ஆதாரத்தில்தான். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் கையில், ஊழியர் சேமலாப நிதியிலும் பெயர் இல்லை என்றால், அங்கே வேலை செய்ததையே முதலில் நிறுவவேண்டியிருக்கும். ஆகவே விபத்து எங்கே, எப்படி நடந்ததென்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்லி, வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துவதும், உடன் நின்றவர்களின் பெயர்களைக் குறித்துவைப்பதும், தாமதிக்காமல் தொழில் அலுவலகத்தில் விசாரிப்பதும் அவசியம். இதை முதலாளிக்கு எதிரான சதியாகப் பார்க்கத் தேவையில்லை. இந்தப் பொறுப்புக்கென்றே காப்புறுதி விற்கிறார்கள். விருந்தினரை ஏற்றும் வாகனத்துக்குக் காப்புறுதி எடுப்பவர், அடுப்படியில் நிற்பவருக்கு எடுப்பதை ஏன் வீண்செலவாக எண்ணுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை உயர்த்தியதோடு, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. கடையை மூடிவிட்டு நள்ளிரவில் கிண்ணியாவுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும் சமையற்காரர்கள் இதை அறிந்திருக்கவேண்டும்.