அவர் கையிலிருந்து போகாது

"பணம் அவர் கையிலிருந்து போகாது. அதனால் சீக்கிரமே ஒத்துக்கொள்வார்கள்." 2016இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம், அந்த உறுப்பினர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தால் கிடைக்கும் இழப்பீட்டைப் பற்றி நான் சொன்னது இது. ஆறுதலாகத்தான் சொன்னேன்.

தொகுதி மக்களின் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு வெற்று உறையை மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டே, "அப்போ யார் கொடுப்பாங்க?" என்றாள்.

"கருவூலம்."

"இந்தக் கடிதம் எழுதுறவங்க வரிப்பணமா?"

ஆமாம் என்றேன். அவள் அடுத்த கடிதத்தை எடுத்தாள். புகார் கொடுக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. காங்கிரஸ் ஊழியர்களின் புகார்களுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்றைய நடைமுறை அதுதான். முதலில் 30 நாள் ஆலோசனை, பிறகு 30 நாள் மத்தியஸ்தம், அப்புறம் குறைந்தது இன்னும் 30 நாள் பொறுத்தால்தான் வழக்குப் போட முடியும். உறுப்பினர் தரப்புக்குச் சபையின் வக்கீல்கள் வருவார்கள். புகார் கொடுப்பவர் தானே வக்கீல் தேட வேண்டும். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

டெக்சாஸ் உறுப்பினர் பிளேக் ஃபாரன்ட்ஹோல்ட் மீதான புகாரை முடிக்க 84,000 டாலர் பொதுப்பணம் போனது 2017 கடைசியில் வெளியே வந்தது. திருப்பித் தருவதாகச் சொன்னார். 2018 ஏப்ரலில் பதவி விலகினார். அடுத்த மாதமே தரப்போவதில்லை என்றார். அதைப் படித்தபோது எனக்கு அந்த உறைதான் ஞாபகம் வந்தது.

2018 டிசம்பரில் சட்டம் மாறியது. கட்டாய ஆலோசனையும் மத்தியஸ்தமும் போயின. தொல்லை கொடுத்ததற்கும் அதற்காகப் பழிவாங்கியதற்கும் கருவூலம் முதலில் பணம் கொடுத்துவிடும். உறுப்பினர் 90 நாளில் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பதவியை விட்டுப் போனாலும் கடன் போகாது. பாகுபாட்டுப் புகார்களுக்கு மட்டும் இந்தப் பொறுப்பு இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சொந்தப் பணம் என்றால் கடைசிவரை மறுத்துப் போராடுவாரே, அவளுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போயிருக்குமே என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அப்போதும் நான் அவருக்கு எது சௌகரியம் என்பதிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கிறேன். அவள் கேட்டது தொகையைப் பற்றியே இல்லையோ என்று பிறகுதான் தோன்றியது. ஒருவேளை நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவள் போயிருப்பாள். தெரியவில்லை.

சட்டம் கையெழுத்தான அன்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "அவர் இன்னும் அங்கேதானா?" என்று பதில் வந்தது. ஆமாம் என்றேன்.

"நீங்களும்?"

அதற்கும் ஆமாம் என்றேன்.